மூன்றாம் பேஸ் பக்கத்துச் சந்தேகக்காரர்கள்

“நீ எழுதுறது சரியெண்டு நாங்கள் என்னெண்டு பிள்ளை நம்பிறது?”

என்னிடம் இப்படிக் கேட்டவர் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா. சொந்த மாமா இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்துக்கு வந்து ஆக்லாந்தில் பல வருடம் பஸ் ஓட்டியவர். நாங்கள் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்கு அப்போது பதினைந்து வயது. மடியில் பேஸ்போல் ஸ்கோர் புத்தகம், கையில் புதிதாகச் சீவிய பென்சில். பந்தடிக்க வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். மைதானத்தின் நாலு மூலைகளான பேஸ்களில் அவர் எது வரை ஓடினார், எப்படி அவுட்டானார் என்பதை அதற்குள் கோடுகளாலும் எழுத்துகளாலும் குறிக்க வேண்டும். பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து நானாகவே படித்துக்கொண்ட வித்தை அது.

“நம்பாட்டி நீங்களே எழுதுங்கோ மாமா” என்று பென்சிலை நீட்டினேன்.

“எனக்கு எழுத வந்தால் நான் ஏன் பஸ் ஓடினனான்?” என்றார் அவர். மைதானத்து ஓரத்தில் நாங்கள் வழக்கமாக உட்காரும் நீண்ட பலகையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பில் வேறொன்றும் இருந்தது. தன் மகளிடம் ஒருவர் சந்தேகம் கேட்கிறார் என்றால் சந்தேகப்படும் அளவுக்கு அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்ற பெருமை அது. அதே பெருமை எனக்கும் இருந்தது. இப்போதும் இருக்கிறது, மறைப்பதற்கில்லை.

அப்பா மன்னார்க் கரையில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் இருந்த ஊரில் அவர் இல்லை, அவர் இருந்த ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பிரித்தது நான்தான். வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், விசா, வைத்தியசாலை, எல்லாவற்றையும் வாசித்து, தமிழில் சொல்லி, எங்கே கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டுவேன். பிறகு பலகையில் இருந்தவர்களும் தங்கள் கடிதங்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். இரண்டு இன்னிங்ஸ்களுக்கு நடுவே நான் கடிதம் வாசிப்பேன்.

எங்கள் பலகை மூன்றாம் பேஸ் பக்கம் இருந்தது. அந்த மைதானம் ஆக்லாந்தின் தெற்கே ஒடாஹுஹுவில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட நடை, பண்டகசாலைகளுக்குப் பின்னால். அப்பா வேலை செய்தது அந்தத் தெருவில்தான். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் அங்கே மேற்பார்வையாளராக இருந்த தொங்கா நாட்டுக்காரர் அந்த மைதானத்துப் பேஸ்போல் கழக அணியில் விளையாடியவர். சனிக்கிழமை வந்து பார் என்று கூப்பிட்டாராம். மரியாதைக்காகப் போன அப்பா அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. தேவாலயத்தில் பழகியவர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்தார். கடைசியில் என்னை விட்டுப் பலகையில் பத்துப் பேர் ஆனார்கள்.

“கிரிக்கெட்டில ஒருக்கா அவுட்டானால் அண்டைக்கு அவ்வளவுதான். இதில திரும்பவும் முறை வருமெல்லே” என்பார் அப்பா. தேவாலயத்தில் கடைசி வரிசையில் இருந்து உதட்டை மட்டும் அசைக்கிற மனிதர் அவர். அவருடைய குரல் எவ்வளவு பெரியது என்பதை அந்த மைதானத்தில்தான் முதன்முதலாகக் கேட்டேன். வாகனம் ஓட்டும் பரீட்சையில் இரண்டு தடவை தவறிய பிறகு அவர் அதை விட்டுவிட்டார். நடந்து போகக்கூடிய தூரத்தில் அவருக்கு வேலை இருந்தது, சந்தை இருந்தது, தேவாலயம் இருந்தது, இந்தப் பலகை இருந்தது. இவற்றில் அவர் வாய் திறந்தது பலகையில் மட்டும்தான்.

நான் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டேன்; பலகை அப்படியேதான் இருக்கிறது. இந்தப் பருவம் ஆரம்பித்து ஆறு ஆட்டங்கள். ஆறிலும் தோல்வி.

தோற்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இப்படித் தோற்றதில்லை. ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவது வரை முன்னால் நிற்போம். அப்புறம் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டதுபோல எதிரணி ஓட ஆரம்பிக்கும். நாலாவது தோல்விக்குப் பிறகு பலகையில் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு நின்று, நிர்வாகத்தைப் பற்றிய பேச்சு மட்டும் நடந்தது.

“உவங்கள் வேணுமெண்டு தோக்கிறாங்கள்” என்றார் மாமா. “நான் முப்பது வருசம் பஸ் ஓடினனான். வேணுமெண்டு பிரேக் போடுறவனை எனக்குத் தெரியும்.”

“உங்கட பஸ்ஸில நான் ஏறினனான் அண்ணை. உங்களுக்கு பிரேக் எங்கையிருக்கெண்டே தெரியாது” என்றார் அன்ரி. அவர் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்பவர், எங்கள் ஊர்ப் பக்கம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு டப்பா நிறைய மீன் ரோல் கொண்டுவருவார். அணி தோற்றால் மிச்ச ரோலை யாருக்கும் தராமல் மூடிவிடுவார். இந்தப் பருவத்தில் நாங்கள் நிறைய ரோல்களை இழந்தோம்.

“வேணும்னே தோத்தா அவங்களுக்கு என்ன லாபம் அங்கிள்?” என்று கேட்டார் சென்னை அண்ணா. பலகையில் அவர் ஒருவர்தான் இந்தியாக்காரர். பாட்டனி டவுன்ஸில் ஒரு போன் கடையில் வேலை. சனிக்கிழமை மதியத்துக்காகத் தன் முறையை யாரிடமாவது மாற்றிக்கொண்டு வருவார்.

“லாபமோ? சனம் வராது. சனம் வராட்டி கிரவுண்டைக் குடுத்திடலாம். ஆருக்குக் குடுக்கப் போறாங்கள் எண்டதுதான் எனக்கு இன்னும் பிடிபடேல்லை.”

“பிடிபட்டாச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஒரு ரோல் சாப்பிடலாமா ஆன்ட்டி?”

“தோத்தாச்சு. டப்பா பூட்டு.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வேலியின் மறுபக்கம், முதலாம் பேஸுக்கு அப்பால், மஞ்சள் மேற்சட்டை போட்ட இரண்டு பேர் முக்காலி ஒன்றை நட்டு அதன் மேல் இருந்த கருவிக்குள் கண்ணை வைத்து எதையோ அளந்துகொண்டிருந்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்தபடியே, “மோனை, உவை எதை அளக்கினம்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாதென்று சொல்லும் பழக்கமும் இல்லை. “பாத்துச் சொல்லுறன்” என்றேன்.

நான் நகர மையத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. தங்களுக்கு நடந்ததாக ஆட்கள் எழுதி அனுப்புவதை வாசித்து, பொருந்தாத இடத்தைக் கண்டுபிடிப்பது என் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் ஆறு ஆட்டங்களின் பக்கங்களையும் வரிசையாகத் திறந்து வைத்தேன்.

அரை மணி நேரத்தில் அது கிடைத்தது. எங்கள் அணியின் மிகச் சிறந்த பந்தெறியாளர் இடதுகைக்காரர், சமோவா நாட்டு இளைஞர். ஆறு ஆட்டங்களிலும் அவர்தான் ஆட்டத்தைத் தொடங்கினார். ஆறிலும், நாலாவது அல்லது ஐந்தாவது இன்னிங்ஸோடு, நன்றாக எறிந்துகொண்டிருக்கும்போதே, அவரை வெளியே எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் அடி வாங்கியிருந்தார்கள். ஒரு தடவை என்றால் பயிற்சியாளரின் பிழை எனலாம். ஆறு தடவை என்றால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் கையெழுத்தில், என் பென்சிலில், ஆறு பக்கத்திலும் ஒரே கதை.

உடம்பில் ஒரு சூடு ஏறியதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் கோபத்தைவிடக் கண்டுபிடித்த சந்தோஷம்தான் கூட.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ரயிலில் இருந்தபடி தேடினேன். எங்கள் கழகத்தையும் துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம், வடக்கே இருக்கும் இன்னொரு கழகத்தையும் ஒன்றாக்குவதற்கான யோசனை என்று ஒரு வரி கிடைத்தது. உள்ளூராட்சி இணையதளத்தில் எங்கோ ஒரு மூலையில், கூட்டக் குறிப்பு ஒன்றின் நடுவே கிடந்தது. ஒன்றாக்கினால் எல்லா ஆட்டமும் வடக்கே. ஒடாஹுஹுவிலிருந்து அங்கே போக ஒரு ரயில், இரண்டு பஸ். போய்ச் சேர்வதற்குள் மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்திருக்கும்.

நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைச் சட்டை அது. வெள்ளியன்று இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி வைப்பார்.

“அப்ப இஞ்ச விளையாட்டு இருக்காதோ?”

“விட்டால் இருக்காது.”

“விடாமல் இருக்கேலுமோ?”

“ஏலும்” என்றேன். “கூட்டம் கூட்டச் சொல்லிக் கேக்கலாம். பத்துப் பேர் கையெழுத்து வைச்சால் அவை கூட்டத்தான் வேணும். சட்டத்திலை இருக்கு.”

கழகத்தின் விதிகள் அடங்கிய யாப்பை நான் இணையத்தில் வாசித்திருந்தேன். பத்து உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் சிறப்புப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். என்னிடம் கழக அட்டை இல்லை; அட்டை வைத்திருந்த மற்றவர்கள் சரியாகப் பத்துப் பேர். கடவுளே பலகையில் ஆட்களை எண்ணி உட்கார வைத்ததுபோல இருந்தது எனக்கு.

கடிதத்தை எழுத எனக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை ஆட்டம் இல்லாததால் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கத்தான் ஒரு வாரம் போனது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களை அடிக்கலாம், ஏமாற்றலாம், வரிசையில் மூன்று மணி நேரம் நிற்க வைக்கலாம்; ஒரு தாளில் பெயர் எழுதச் சொன்னால் மட்டும் உறைந்துபோவார்கள். ஊரில் சண்டை நடந்த காலத்தில் பட்டியலில் பெயர் இருந்ததால் தேடிக்கொண்டு வந்தவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இங்கே யாரும் தேடிவர மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் பேனாவைக் கையில் எடுத்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார்கள்.

“முழுப்பேரும் போடோணுமோ?” என்று கேட்டார் அன்ரி.

“ஓம் அன்ரி.”

“முதல் எழுத்து மட்டும் போட்டால்?”

“செல்லாது.”

“பேந்து உவங்கள் வீட்டை வந்தால்?”

“பேஸ்போல் கமிற்றி உங்கட வீட்டை வந்து என்ன செய்யும்? ரோல் கேக்கும்.”

அவர் சிரித்துவிட்டு எழுதினார். மாமா முதலில் மறுத்தார். எல்லாரும் போட்ட பிறகு கடைசியாகப் போடுவேன் என்றார். கடைசிக்கு முந்தைய இடத்தில் போட்டார். கடைசி இடம் அப்பாவுடையது. அவர் கையெழுத்து ஒரு படம் வரைவது மாதிரி. ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவைத் தூக்கி, மூச்சுவிட்டு, மறுபடி வைப்பார். எழுதி முடித்து, “சரியோ?” என்று என்னைப் பார்த்தார். “சரி அப்பா” என்றேன். நான் வாசித்துவிட்டேன் என்றால் அவர் மறுபடி கேட்க மாட்டார்.

வியாழக்கிழமை அரை நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு கழக அறைக்குப் போனேன். மைதானத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம் அது. செயலாளர் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. பழைய மட்டைகளின் கைப்பிடிகளுக்கு ஒட்டுப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தார். நான் கடிதத்தை மேசையில் வைத்தேன். நிமிர்ந்து நின்றுதான் வைத்தேன். கூடவே ஸ்கோர் புத்தகத்தையும் திறந்து வைத்து, இடதுகைப் பந்தெறியாளரை ஏன் ஆறு ஆட்டத்திலும் பாதியில் எடுத்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அழகாக எழுதியிருக்கிறாய்” என்றார். பிறகு அலமாரியிலிருந்து கழகத்தின் சொந்த ஸ்கோர் புத்தகத்தை எடுத்தார். அதில் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சின்னச் சின்னக் கோடுகள். எறிந்த பந்துகளின் எண்ணிக்கை. போன குளிர்காலத்தில் அந்த இளைஞருக்கு முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்ததாம். எழுபது பந்துக்கு மேல் எறியக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தாராம். ஆறு ஆட்டத்திலும் எழுபதைத் தொட்டதும் எடுத்திருக்கிறார்கள்.

என் புத்தகத்தில் யார் எறிந்தார், பந்தடிக்க வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பது மட்டும்தான் இருந்தது. எறிந்த பந்துகளை நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

“சரி. கூட்டம்?” என்றேன். குரலை இறக்கவில்லை.

அவர் கடிதத்தில் இருந்த பெயர்களை விரலால் தடவிக்கொண்டு போனார். உறுப்பினர் பதிவேட்டைத் திறந்தார். மேலிருந்து கீழ் வரை பார்த்தார். மறுபடி பார்த்தார். “மன்னிக்க வேண்டும். இதில் ஒருவர்கூட உறுப்பினர் இல்லையே” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்துவிட்டது, இவர்களின் வேலை வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். பத்துப் பேரும் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்கள், வருடா வருடம் அட்டை புதுப்பிக்கிறவர்கள், பழைய படிவங்கள் எங்கே, எடுங்கள் பார்க்கலாம் என்றேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய், அடித்தட்டிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்து, பத்துத் தாள்களை என் முன்னால் வைத்தார்.

பத்தையும் நிரப்பியிருந்தது என் கையெழுத்து. பதினைந்து வயதுக் கையெழுத்து, வட்ட வட்டமாக. ஒவ்வொரு தாளிலும் இரண்டு கட்டங்கள்: உறுப்பினர், ஆதரவாளர். பத்திலும் ஆதரவாளர் என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு சரி. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ஆதரவாளர்களுக்கு வாக்குரிமை இல்லை, கூட்ட அறிவித்தல்கள் அனுப்பப்பட மாட்டாது என்று இருந்தது.

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. உறுப்பினர் கட்டத்துக்குப் பக்கத்தில், கழகத்தின் கடமைகளுக்கு உறுப்பினர்கள் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பொறுப்பு என்ற சொல்லில்தான் நான் நின்றேன். “பேர் கனக்கப் போகாத இடமாப் பார்த்துப் போடு மோனை” என்று அப்பா சொல்லியிருந்தார். நான் பலகைக்கு முன்னால் எழும்பி நின்று, “இது பொறியாக்கும். நாங்கள் மற்றதிலை போடுவம். அதுதான் பாதுகாப்பு” என்று அறிவித்தேன். பொடி எழுத்தையும் வாசித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வாக்கு யாருக்கு வேண்டும் என்று நினைத்திருப்பேன். வாசிக்கத் தெரிந்தவள் என்ற பெருமையில் பத்துப் பேருடைய வாயையும் ஒரே பென்சிலால் அடைத்துவிட்டேன்.

ஒன்றாக்கும் யோசனை பற்றி இரண்டு தடவை கூட்டம் நடந்திருந்தது. இரண்டுக்கும் உறுப்பினர்களுக்குக் கடிதம் போயிருந்தது. மஞ்சள் மேற்சட்டைக்காரர்கள் வடிகால் அளக்க வந்தவர்களாம். கடைசி வாக்கெடுப்பு மூன்று வாரத்தில், வருடாந்தப் பொதுக்கூட்டத்தில். வாக்களிக்க வேண்டுமென்றால் கூட்டத்துக்குப் பதினான்கு நாள் முன்பே உறுப்பினராக வேண்டும்.

“அறிவித்தலை நீங்கள் பலகைப் பக்கம் ஒட்டியிருக்கலாமே” என்றேன். “நாங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கேதானே இருக்கிறோம்.”

அவர் கொஞ்ச நேரம் பட்டியைச் சுற்றினார். “உங்கள் ஆட்களுக்கு இதிலெல்லாம் தலையிட விருப்பமில்லை என்று குழுவில் பேசிக்கொண்டோம்” என்றார்.

பேசிக்கொண்டார்கள். அந்தச் சொல்லை நான் விடவில்லை. என் பிழையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பத்துப் பேர் ஒவ்வொரு வாரமும் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டபடி, அவர்களுக்கு விருப்பமில்லை என்று யார் முதலில் சொன்னது, மற்றவர்கள் ஏன் தலையாட்டினார்கள் என்பது எனக்கு இன்னும் பொருந்தவில்லை. எங்கள் வாக்கில்லாமல் அந்த யோசனை சுலபமாக நிறைவேறும் என்பது அவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். பதினோரு புதுப் படிவங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பத்து அவர்களுக்கு. ஒன்று எனக்கு, பதினைந்து வயதில் எனக்கென்று ஒரு படிவம் நிரப்பக்கூட நான் நினைக்கவில்லை.

அன்று வீட்டில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை. அப்பா இரண்டு நாளும், “கடுதாசியைக் குடுத்திட்டியோ?” என்று கேட்டார். “குடுத்திட்டன்” என்றேன். பொய்யில்லை. அலுவலகத்தில் இப்படிப் பதில் எழுதுகிறவர்களை நான் அடையாளம் கண்டு தனியே எடுத்து வைப்பேன்.

சனிக்கிழமை ஏழாவது ஆட்டம். மூன்றாவது இன்னிங்ஸில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கை, எழுபது பந்து, வடிகால், பத்துப் படிவம், என் கையெழுத்து. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது மைதானத்தில் யாரோ பந்தை அடித்து எல்லாரும் கத்தினார்கள். எங்கள் பலகை மட்டும் என்னையே பார்த்தது.

முதலில் வாய் திறந்தவர் மாமா. “கமிற்றியைத் திட்டித் திட்டி என்ரை தொண்டை போச்சு. எங்களை அமத்தின கமிற்றி இஞ்சை பென்சிலோட இருந்திருக்குது.”

யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்திருப்பேன், இன்னொருவரைப் பற்றி என்றால்.

“அண்ணை, அவளும் சின்னப்பிள்ளைதானே அப்ப” என்றார் அன்ரி. ஆனால் நான் நீட்டிய புதுப் படிவத்தை வாங்கியதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. அதைச் சென்னை அண்ணாவிடம் கொடுத்து, “தம்பி, நீரும் ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எட்டு வயதிலிருந்து என் வாசிப்பின் மேல் இன்னொருவர் வாசித்ததில்லை. ரோல் டப்பா திறந்தே கிடந்தது, யாரும் எடுக்கவில்லை.

சென்னை அண்ணாவுக்குச் சங்கடம். “தங்கச்சி கரெக்டாத்தான் சொல்லும் ஆன்ட்டி...”

“வாசியுங்கோ அண்ணா” என்றேன். “முதலாவது வரியிலிருந்து. சத்தமா.”

அவர் ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிப்பார். நான் தமிழில் சொல்வேன். சரியா என்று எல்லாரும் அவரைப் பார்ப்பார்கள். அவர் “ஆமா” என்பார். பொறுப்பு என்ற வரிக்கு வந்தபோது நாங்கள் நீண்ட நேரம் நின்றோம். கழகம் கலைந்தால் உறுப்பினர்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அண்ணா விளக்கினார். அது பதினைந்து வயதில் நான் பயந்த அதே வரி. நான் மறைக்கவில்லை, மழுப்பவுமில்லை. “இதிலை பேர் போட்டால் எங்கட பேர் அவையின்ரை பதிவேட்டிலை இருக்கும். அறிவித்தல் வீட்டுக்கு வரும். கூட்டத்திலை கை தூக்கலாம். ஆர் கை தூக்கினது எண்டு எல்லாருக்கும் தெரியவும் வரும்” என்றேன்.

மாமா படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெறுமையாக இருந்தது. “பேந்து நான் கை தூக்கேக்கை உவங்கள் என்னை வெளியிலை போகச் சொல்லேலுமோ?”

“ஏலாது மாமா.”

அவர் அண்ணாவைப் பார்த்தார். அண்ணா யாப்பைத் தன் போனில் தேடி, அந்த இடத்தை வாசித்து, “முடியாது அங்கிள்” என்றார். அப்போதுதான் மாமா பேனாவைக் கேட்டார்.

அப்பா ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது பார்ப்பதுபோல இருந்தார். நான் அவருடைய படிவத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“கோபமோ அப்பா?”

“பேர் கனக்கப் போகாத இடத்திலை போடச் சொன்னது நான்தானே.” கண்ணை எடுக்காமல் சொன்னார். “கோபம் ரெண்டு நாள் சொல்லாமல் இருந்ததுக்குத்தான்” என்றார். பிறகு அவர் படிவத்தை வாங்கி, “இதிலை எது வாக்குள்ள பெட்டி?” என்று கேட்டார். நான் விரல் வைக்கப் போனேன். அவர் என் கையை ஒதுக்கி, இரண்டு கட்டங்களின் மேலும் தன் விரலை வைத்து, “சொல்லு” என்றார். நான் இரண்டையும் சொன்னேன். அவரே பார்த்துச் சரி போட்டார். கோடு கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் நீண்டு போனது.

அந்த ஆட்டத்திலும் தோற்றோம். எத்தனைக்கு எத்தனை என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது இன்னிங்ஸுக்குப் பிறகு என் புத்தகத்தில் சதுரங்கள் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன. திரும்பும் வழியில் அப்பா முன்னால் நடந்தார், நான் பின்னால். மைதானத்தைச் சுற்றிய வேலி முடியும் இடத்தில் அவர் நின்று, “வடக்கை போனால் நான் வரமாட்டன்” என்றார். “அவ்வளவு தூரம் போய்க் கத்த எனக்கு வெக்கமாயிருக்கும்.” மறுபடி நடந்தார்.

திங்கட்கிழமை மறுபடி அரை நாள் விடுமுறை எடுத்து ரயில் ஏறிப் போய்ப் படிவங்களைச் செயலாளரிடம் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு பிரதியிலும் பெற்றுக்கொண்டேன் என்று அவரைத் தேதியோடு கையெழுத்துப் போட வைத்தேன். கூட்டத்துக்குப் பதினேழு நாள் இருந்தது. பதிவேட்டில் பெயர்களை ஏற்றும்வரை அங்கேயே நின்றேன். அவர் எழுத எழுத எழுத்துப்பிழை பார்த்தேன். அப்பாவின் பெயரில் ஒரு எழுத்தை விட்டிருந்தார், திருத்தச் சொன்னேன்.

“இவ்வளவு நம்பிக்கையில்லையா?” என்றார் அவர். கேலியா வருத்தமா தெரியவில்லை.

“உங்களிடம் மட்டும் என்று நினைக்காதீர்கள்” என்றேன்.

பிறகு, யோசனைக்கு எதிராக எத்தனை வாக்கு வரும் என்று கேட்டேன். இழுபறிதான் என்றார், பழைய உறுப்பினர்களிலும் பாதிப் பேருக்கு வடக்கே போக மனமில்லை, ஆனால் குழுவில் ஒருவர்கூட அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏழு பேர் கொண்ட குழுவில் ஓர் இடம் காலியாகிறது, யாரும் பெயர் கொடுக்கவில்லை, அதனால் தலைவர் தனக்குத் தெரிந்த ஒருவரைப் போடுவார் என்றும் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்த விதம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. உதவி செய்தாரா, தன் தலைவலியை என் தலையில் கட்டப் பார்த்தாரா? இரண்டுமாக இருக்கலாம்.

குழுவின் அந்த இடத்துக்கு நானே நிற்க முடிவுசெய்தேன்; அதற்கான நியமனப் படிவம் ஒரே ஒரு பக்கம். அன்று மாலை அன்ரியின் வேலை முடியும் நேரத்துக்கு முதியோர் இல்ல வாசலில் காத்திருந்து முன்மொழியக் கேட்டேன். அவர் அந்தப் படிவத்தையும் அண்ணாவுக்குப் போனில் படம் எடுத்து அனுப்பி, பதில் வரும்வரை கையெழுத்துப் போடவில்லை. பதில் வந்ததும் முழுப் பெயரும் எழுதினார். வழிமொழிந்தவர் அப்பா. இன்று காலை வேலைக்குப் போகும் முன் கழக அறைக் கதவு திறக்கும்வரை நின்று, என் பெயர் எழுதிய அந்தத் தாளைக் கொடுத்து, பிரதியில் தேதி போட வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.